எட்டு நிமிட மணி

ஓட்டெடுப்பு மணி அடித்ததும், சரித்திரப் பேராசிரியராயிருந்து மந்திரியான ஹார்லண்ட் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். எட்டு நிமிடத்தில் லண்டன் நாடாளுமன்றத்து வாக்கு அறைகளை, ஆதரிப்பவர்கள் நுழைவதையும் எதிர்ப்பவர்கள் நுழைவதையும், பூட்டிவிடுவார்கள். இருபது வருடம் அவர் பாடம் சொன்ன சுரங்கத் தொழிலாளர் கல்லூரியை மூட, அவர் கட்சியே மசோதா கொண்டுவந்திருந்தது. எதிர்த்தால் பதவி போய்விடும்.

கட்சிக் கொறடா கதவைத் தட்டினார். “வாத்தியாரே, உள்ளதானே இருக்கீங்க? உங்க புஸ்தகத்துல ஒருத்தர் இப்படித்தானே ஓட்டுப் போடாம ஒளிஞ்சிருந்தாரு? அவரை என்னன்னு எழுதினீங்க?”

கோழை என்று எழுதியிருந்தார். பரீட்சையில் கேள்வியாகக்கூடக் கேட்டிருக்கிறார்.

“ஒரு நிமிஷந்தான் இருக்கு.”

தாழ்ப்பாள் விலகியது. கொறடா அவர் முழங்கையைப் பிடித்து ஆதரவு அறைப் பக்கம் இழுத்தார். எதிர்ப்பு அறையின் கதவைக் காவலர் சாத்திக்கொண்டிருந்தார்.

“சாத்தாதேப்பா!” என்றார் ஹார்லண்ட், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில்.