கடல் மேல் சத்தியம்

“எல்லாரும் கடல் தண்ணிய உள்ளங்கையில அள்ளுங்க” என்றார் முதலாளி பொன்னுச்சாமி. “நாம ஒரே குடும்பம். இந்தக் கம்பெனிய விட்டு ஒருநாளும் போகமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

மண்டபம் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்ற சிப்பந்திகள் குனிந்து அள்ளினார்கள். முதலாளி மட்டும் கரையிலேயே நின்றுகொண்டார். சலவைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, தோளில் ஜரிகை அங்கவஸ்திரம். “கசங்கிரும்ப்பா” என்று மணலில் உட்காரக்கூட மறுத்துவிட்டார்.

இராமநாதபுரத்தில் அவர் நடத்தியது குடைக் கம்பெனி. சுதந்திரம் வந்த வருஷம் ஆரம்பித்தார். அன்றைக்கு ஓடிப்போன மழை இன்னும் ஊர்ப்பக்கம் திரும்பவில்லை. வெயிலுக்கு ஜனங்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். இருந்தாலும் வருஷத்துக்கு ஒருநாள் சிப்பந்திகளை எங்காவது ரயிலேற்றிக் கூட்டிப்போய், வயிறாரச் சோறு போடுவார்.

குமாஸ்தா குருநாதனும் மற்றவர்களோடு சேர்ந்து சத்தியம் செய்தான். விற்காத குடைகளில் தூசி தட்டியே அவனுக்குப் பாதி ஆயுசு போயிருந்தது. மண்டபத்தில் புதிதாக ஓர் ஐஸ் கம்பெனி வருகிறது, இன்று மத்தியானம் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

புளிச்சோறு தின்ற கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

“மொதலாளி, வயித்த என்னமோ பண்ணுது. வைத்தியரப் பாத்துட்டு வாரேன்.”

“அடடா! தொணைக்கு ஆள் அனுப்பட்டுமா?”

“வேண்டாம் மொதலாளி!” வயிற்றுவலிக்காரன் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

ஐஸ் கம்பெனி வராந்தாவில் ஒரு நீளமான பெஞ்சு. அதில் குடைத்துணி வெட்டும் சோணைமுத்து உட்கார்ந்திருந்தான். தொலைந்துபோன செருப்பைத் தேடிவருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவன். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.

“ஏலே, நீ இங்கன எதுக்கு வந்தே?”

“நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான்.”

சற்று நேரத்தில் சலாஹுதீன் வந்து சேர்ந்தார். ஊர் ஊராகப் போய்க் குடை விற்கிறவர். மரைக்காயர்பட்டினத்தில் மாமியைப் பார்க்க வேண்டும் என்று விடைபெற்றவர்.

“கடல் மேல சத்தியம் பண்ணினோமேய்யா” என்று முனகினான் குருநாதன்.

“எனக்கு வெரலிடுக்குல தண்ணி ஒழுகிருச்சு. அது செல்லாது” என்றார் சலாஹுதீன்.

அப்போது வெளியே காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்த சோணைமுத்துவின் முகம் வெளுத்தது.

“மொதலாளி வாராரு!”

ஓட வேறு வழியில்லை. சலாஹுதீன் தன் கையிலிருந்த மாதிரிக் குடையைச் சட்டென்று விரித்தார். மூன்று தலைகளும் அதன் பின்னால் ஒடுங்கின.

காலடிச் சத்தம் நேராகக் குடைக்கு முன்னால் வந்து நின்றது. இராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு குடை விரிந்தால், அது எந்தக் கம்பெனிக் குடையென்று பொன்னுச்சாமிக்குத் தெரியாதா? ஒரு விரலால் அதை ஒதுக்கினார்.

குருநாதன் அழுதேவிட்டான். “மன்னிச்சிருங்க மொதலாளி! வெரட்டி வந்து புடிக்கிற அளவுக்கு எங்க மேல பாசம் வச்சிருக்கீங்க. எங்களுக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. வாங்க, இப்பவே திரும்பிப் போயிருவோம்.”

பொன்னுச்சாமி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்களைக் கூப்பிடும் உள்ளறைக் கதவைப் பார்த்தார். அங்கவஸ்திரத்தால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

“சத்தம் போடாதப்பா. கொஞ்சம் தள்ளி உக்காரு... மேனேஜர் வேலைக்கும் இதே பெஞ்சுதானே?”