பூட்டு டீச்சர்

"இந்தம்மாவைச் சும்மா விடப்போறதில்ல" என்று பி.டி. மாஸ்டர் புகார் எழுத உட்கார்ந்தார்.

கோபம் வராமல் என்ன செய்யும்? மைதானம் பையன்களுக்கு, தையல் அறை பெண்பிள்ளைகளுக்கு என்றே கண்டிப்பான விதி இருந்த பள்ளிக்கூடம் அது. இரண்டு பேருக்கும் சமமாக விளையாட்டு வகுப்பு தரவேண்டும் என்று இப்போது சட்டமே வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் அமல்.

வெள்ளிக்கிழமையே ஆவலாகத் தையல் அறைக்குப் போய்த் தட்டினார். தையல் டீச்சர் கதவை ஒரு சாண் திறந்தார்.

"பிள்ளைங்களை ஒரு தடவை பாத்துக்கறேன் டீச்சர். டீம் எடுக்கணும்."

"திங்கக்கிழமை பாருங்க சார். இன்னிக்கு வேலை இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே தையல் மிஷின் மறுபடி கடகடவென்று ஓட ஆரம்பித்தது. மற்ற ஆசிரியர்கள் 'பூட்டு டீச்சர்' என்று பட்டப்பேர் வைத்ததில் தப்பே இல்லை.

வராந்தா அலமாரியில் நாற்பது பிள்ளைகளின் பேரில் நாற்பது கைக்குட்டைகள் இருந்தன. தையல் எல்லாம் அச்சடித்தாற்போல் ஒன்றுபோல. 'பிள்ளைங்களை என்ன பாடு படுத்தியிருந்தா இப்படி வரும்?' அதையும் புகாரில் சேர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வந்தது. உயரம் தாண்டும் கம்பியை இடுப்புக்குக் கீழேயே வைத்தார். பாவம், முதல் நாள்.

ஒல்லியாக ஒருத்தி வந்து பார்த்தாள்.

"அம்பத்தஞ்சு இன்ச்சுக்கு ஏத்துங்க சார்."

"இங்க சென்டிமீட்டர்தாம்மா."

"எங்களுக்கு இன்ச்சுதான் சார் தெரியும்."

மாஸ்டர் மனக்கணக்குப் போட்டார். நூற்று நாற்பது சென்டிமீட்டர். இந்தப் பள்ளியில் பையன்களே நூற்று முப்பத்தெட்டைத் தாண்டியதில்லை. விழுந்தால்தான் புத்தி வரும் என்று ஏற்றினார்.

அவள் நாலே எட்டு ஓடிவந்தாள். எழும்பினாள். கம்பி ஆடக்கூட இல்லை.

பின்னாலேயே இன்னொருத்தி தாண்டினாள். அப்புறம் இன்னொருத்தி. மாஸ்டர் விசில் வாயில் இருப்பதையே மறந்து நின்றார். இருபது வருஷ சர்வீஸில் அவருக்கு உடம்பு சிலிர்த்தது அன்றுதான்.

"எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"தையல் கிளாஸ்ல சார்."

ஓட்டமும் நடையுமாகப் போனார். கதவு விரியத் திறந்திருந்தது. மேஜைகள் எல்லாம் சுவரோரம். ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக்கும் நடுவே எலாஸ்டிக் நாடா. அதற்கு அந்தப் பக்கம் வெட்டுத்துணியைத் திணித்துத் தைத்த பெரிய மெத்தை. சுவரில் டெய்லர் டேப், அதை ஒட்டி வருஷவாரியாக சாக்பீஸ் கோடுகள்.

"வெளிய தெரிஞ்சிருந்தா உங்க வேலை போயிருக்குமே டீச்சர்." மாஸ்டர் சட்டைப்பையிலிருந்த புகாரை எடுத்து நாலாகக் கிழித்தார். "அப்போ அந்தக் கைக்குட்டை எல்லாம்?"

டீச்சர் மிஷினைத் துணியால் மூடினார்.

"பிள்ளைங்க குதிக்கிற சத்தம் வெளிய கேட்கக் கூடாதுன்னு பீரியட் முழுக்க மிஷினை மிதிச்சுக்கிட்டே இருப்பேன் சார். சும்மா மிதிப்பானேன்னு தைச்சது."