சனிக்கிழமை டாக்கோ

"வைதேகி குளிக்கிறா. சீக்கிரம் குடுங்கோ," என்றார் நரசிம்மன். சனிக்கிழமை காலை பத்து மணி. எங்கள் குசினியின் பின்கதவில், பக்கத்திலிருந்த தன் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பிரிட்ஜின் அடித்தட்டிலிருந்து ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அதைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டார். "நமக்குள்ளயே இருக்கட்டும், யோகராணி."

"எத்தினை தரம் சொல்லுவியள்? போங்கோ, தண்ணிச் சத்தம் நிண்டிட்டுது."

அவர் சிரித்துக்கொண்டே வேலி தாண்டினார். அதன்பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை, மெல்பேர்ன் நகரத்துக்கு வேலைக்குப் போகிற ரயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழும்பவேயில்லை. அது 1975, ஆகஸ்ட் மாதம்.

போத்தலில் இருந்தது பன்றிக் கொழுப்பு.

இங்கே வருமுன் நரசிம்மனும் மனைவி வைதேகி அக்காவும் இரண்டு வருடம் ஹூஸ்டனில் இருந்தார்கள். ஐயங்கார் குடும்பம், முட்டைகூடத் தொடமாட்டார்கள். அவர்கள் வீட்டுத் தெருமுனைக் கடையில் டாக்கோ என்று ஒன்று விற்றார்கள். பொரித்து மடித்த சோள ரொட்டிக்குள் மசித்த பீன்ஸ், மேலே மஞ்சள் சீஸ். மெக்சிகோக்காரன் கண்டால் அடிக்க வருவான் என்று நரசிம்மனே சொல்வார். ஆனாலும் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் அதன்மேல் உயிர்.

மூன்று மாதம் சாப்பிட்ட பிறகுதான் அந்த ருசிக்கு என்ன காரணம் என்று கடைக்காரனைக் கேட்டாராம். "கேட்டிருக்கவே கூடாது," என்றார் என்னிடம். "அதுக்குள்ள நாக்கு பழகிடுத்து. அவகிட்ட சொன்னா, சாப்பிட்ட ஒவ்வொண்ணுக்கும் சேர்த்து அழுவா."

மெல்பேர்னில் அந்தப் பண்டத்தின் பெயர்கூட ஒருவருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் அவரே செய்யத் தொடங்கினார். சோள ரொட்டிக்குப் பதில் சப்பாத்தியை மடித்துப் பொரிப்பார். அன்றைக்கு மனைவி அடுப்படிக்கு வரக்கூடாது. எல்லாம் சாப்பிடுகிற நான், கொழுப்பை வாங்கி ஒளித்து வைப்பவள். வைதேகி அக்காவிடம் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியமும் வாங்கியிருந்தார்.

அவர் போய் இரண்டு மாதம் கழிந்தபின் அக்கா தானே டாக்கோ செய்ய இறங்கினார். ஒரு சனிக்கிழமை நெய், மறு சனிக்கிழமை வெண்ணெய், பிறகு மார்ஜரின், பிறகு தேங்காயெண்ணெய். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி ஒன்றைத் தின்னக் கொடுப்பார்.

ஐந்தாவது சனிக்கிழமை தட்டைத் தள்ளிவிட்டார். "தூ! மண்ணு மாதிரி இருக்கு."

"உப்புக் குறைவோ அக்கா?"

"உப்பாம் உப்பு! வாயில போட்டுண்டா தெரியல்லையா நோக்கு? ருசியே இல்லடி. அவர் என்ன மந்திரமா போட்டார்?"

"கொஞ்சம் சீரகம் கூடப் போட்டால்..."

"போட்டாச்சு. எல்லாம் போட்டாச்சு." சட்டியோடு தூக்கி பீன்ஸைக் குப்பை வாளியில் கவிழ்த்தார். வாளி உருண்டது. அதைக் காலால் ஓர் உதை விட்டார். அவர் கோபப்பட்டு நான் கண்டது அதுதான் முதல் தடவை.

"அவர் போட்டோவைப் பாத்தா நேக்கு அழுகை வரமாட்டேங்கறது, யோகா. மரத்துப் போயிட்டேன். இந்தப் பாழாப்போன பீன்ஸைப் பாத்தாத்தான் வர்றது. ஒரே ஒரு வாட்டி அந்த ருசி வந்துட்டா போறும்."

எனக்கு வாய்வரை வந்தது. பிஸ்கட் பக்கெட்டின் பின்பக்கத்தை எழுத்தெழுத்தாக வாசிக்காமல் வாங்காத மனுஷி. குளிக்காமல் அடுப்புப் பக்கமே போகாதவர். அவரிடம் எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்கு ஓடினேன். நரசிம்மனுக்கென்று வாங்கியதில் பாதி இன்னும் ஐஸ் பெட்டியில் கிடந்தது. ஒரு கிண்ணத்தில் வெட்டிப் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

"புது மார்ஜரின், அக்கா. ஆஸ்பத்திரியில கூட வேலை செய்யிற பிள்ளை தந்தவள். இதிலை ஒருக்கா செய்து பாருங்கோ."

அவர் அவித்து மிச்சம் வைத்திருந்த பீன்ஸில் ஒரு கை எடுத்து மசித்தார். கிண்ணத்தைச் சட்டியில் கவிழ்த்தார். வாசனை எழும்பியதும் அவர் கை அகப்பையோடு அப்படியே நின்றது.

முதல் டாக்கோவை நின்றபடியே தின்றார். இரண்டாவதைத் தின்னும்போது கண்ணீர் நாடிவரை ஓடி, தட்டில் சொட்டியது. துடைக்கவில்லை. "இதேதான்," என்றார். "இதேதான்டி."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. செத்தவருக்குச் செய்த சத்தியம் ஒரு பக்கம். உயிரோடு இருப்பவரின் ஆசாரத்தை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்பது மறுபக்கம்.

"அக்கா, என்னை மன்னியுங்கோ. அது மார்ஜரின் இல்லை. பன்றிக் கொழுப்பு. அவர் சனிக்கிழமையிலை போட்டதும் இதுதான். நான்தான் வாங்கிக் குடுத்தனான். உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர்."

வைதேகி அக்கா மூன்றாவது டாக்கோவைக் கையில் எடுத்தார். அதை ஒரு கடி கடித்து, நிதானமாக மென்று விழுங்கினார்.

"தெரியும்டி, யோகா. நானா எப்படிக் கேப்பேன், நீயாக் கொண்டு வருவேன்னுதான் வாராவாரம் உன்னைக் கூப்பிட்டேன். நேக்குத் தெரியும்கறதுதான் அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."