ஹார்மோன் இல்லாத தட்டு

பிலிமின் வலது பக்கம் வெறுமையாக இருந்தது.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று முறை தூக்கிப் பார்த்தாள். ஹார்மோன் கொடுத்த மார்பகப் புற்றுச் செல்கள் செய்த புரதம், இடப்பக்கம் கன்னங்கரேலென்று கோடாக விழுந்திருந்தது. ஹார்மோன் கொடுக்காத தட்டின் செல்களுக்கான வலப்பக்கத்தில் ஒன்றுமில்லை.

வேறு ஆய்வகமாக இருந்தால் இது சாதாரணம். இங்கே வம்பு.

ஹார்மோன் இல்லாமலே இந்தச் செல்கள் தாமாகப் புரதம் செய்துகொள்ளும் என்று எழுதித்தான் பேராசிரியர் பேர் வாங்கியிருந்தார். அப்படியானால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை எதற்கு? அவர் பேச்சை நம்பி எதிர் ஆஸ்பத்திரியில் மார்பகப் புற்று வந்த நாற்பது பெண்களுக்கு அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மாற்றியது ஒன்றே ஒன்று. செல்களை வளர்க்கும் திரவத்தில் சிவப்புச் சாயம் கலந்திருக்கும். கெட்டுப் புளித்தால் மஞ்சளாகிக் காட்டிக்கொடுக்க. இந்த முறை சாயமில்லாத திரவத்தில் வளர்த்தாள்.

அந்தச் சாயம்தான் இத்தனை வருஷமும் ஹார்மோன் வேஷம் கட்டியிருக்கிறது.

பேராசிரியர் பிலிமைக் கையில்கூட வாங்கவில்லை.

"வெறும் தண்ணியில வளத்தா செல்லு பட்டினி கிடக்காதாம்மா? சோறு போடாம வேலை வாங்கிட்டு, வேலை நடக்கலேங்கறே. சிவப்புலயே இன்னொரு தடவை போடு. இந்த மாசம் உன் பட்டத்துக்கு நான் கையெழுத்துப் போடணும்ல?"

ஹார்மோன் கொடுத்த தட்டும் அதே சாயமில்லாத திரவத்தில்தான் வளர்ந்தது, அது மட்டும் எப்படிப் புரதம் செய்தது சார் என்பது நுனி நாக்குவரை வந்தது. ஆறு வருஷ உழைப்பு அதை விழுங்கச் சொன்னது.

மனிதர் நிஜமாகவே நம்புகிறார், நேர்மையாகத்தான் தப்புச் செய்கிறார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

வாசல்வரை போனவளைக் கூப்பிட்டு மடித்த சீட்டு ஒன்றை நீட்டினார். வீட்டுக்கு மருந்து. ஆராய்ச்சி மாணவி என்றால் இதெல்லாமும் சேர்த்தி. கரன்ட் பில் கட்டுவதுகூட அவளுக்குப் பழக்கம்தான்.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பிரித்ததும் சிரித்தார். ஆறு அட்டைகளை எடுத்து வைத்தார்.

"மேடத்துக்கா? மாரு ஆபரேஷன் ஆகி நாலு வருஷமாச்சு. சாரைச் சொல்லணும்மா, இந்த மாத்திரையை ஒரு நாள் விட விட்டதில்ல."

அவள் அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள்.

படிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மாத்திரையை நிறுத்தலாம் என்று அவர் சொல்லச் சொல்ல, கட்டுரையில் பதினோரு இடத்தில் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்தவள் அவள்தான்.