காது கிழிந்த எலி

“ஒரே எலி, முதலாளியம்மா! என் பாம்பு இவனைப் பதினஞ்சு தடவை முழுங்கியாச்சு. பதினஞ்சு தடவையும் சட்டை கசங்காம வெளிய வந்துட்டான்!”

செல்லப்பிராணிக் கடை பெங், லுவோவின் கையிலிருந்த காகிதப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இடது காது பாதி கிழிந்த வெள்ளை எலி, உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

“முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன் பேசுற பேச்சா இது?” என்றாள்.

லுவோ வேறு என்ன செய்வார்? இதுதான் கடைசி சனிக்கிழமை என்ற பாசத்தில், பெட்டியைத் திறந்து, “போய்ட்டு வரேன்டா, இனிமே பார்க்க மாட்டோம்” என்று சொல்லித் தொலைத்துவிட்டார். “என்ன அண்ணே, பழகின எலியா?” என்று அவள் கேட்டதும், வாயில் வந்ததை அளந்துவிட்டார்.

மகன் ஜியாவெய் நாலு மாத ராணுவப் பயிற்சிக்குக் கிளம்பியபோது, மஞ்சள் பாம்பு சியாவ்லூங்கை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். உயிர் எலியைத் தவிர எதையும் தொடாத பாம்பு. “சனிக்கிழமை தவறாம பெங் அக்கா கடைல எலி வாங்கிப் போடுங்கப்பா. நீங்க வரலேன்னா எனக்குத் தகவல் சொல்லும்படி அக்காகிட்ட சொல்லியிருக்கேன்.”

முதல் சனிக்கிழமை எலியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டார். அது இரண்டு கைகளையும் கண்ணாடியில் ஊன்றி நின்று, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பயணி டிரைவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தது. முப்பது வருடத்தில் அந்தப் பார்வைக்கு அவர் ஒரு தடவைகூடக் கதவைத் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்துவிட்டார்.

நேராகக் கருணைத் தெய்வம் குவான்யினின் கோயில். ஊரே சிட்டுக்குருவியையும் ஆமையையும் வாங்கி விட்டுப் புண்ணியம் தேடிக்கொள்கிற மூங்கில் புதர். அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அங்கேதான்.

ஆனால் இரண்டாவது வாரம் பெட்டியில் ஒரு காது கிழிந்தவன் வந்தான்; அவனை விட்டபிறகும் வாராவாரம் அவனே திரும்பி வந்து சேர்ந்தான். கோயிலில் விட்டதைப் பிடித்துத் திரும்ப விற்கிறவர்கள் இந்தத் தைனான் ஊரில் உண்டுதான். பெங்கிடம் கேட்டிருப்பார். ஆனால் கேட்டால், பாம்பு தின்ற எலி கோயிலுக்கு எப்படிப் போனது என்று அவள் கேட்பாளே!

“சரி, பாம்பு எப்படி இருக்கு?” என்றாள் பெங். “நாளைக்கு ஜியாவெய் வந்துடுவானே.”

லுவோ எலிப் பெட்டியை மூடினார். வாயை மட்டும் மூட முடியவில்லை.

“அதுக்கென்ன! ஃபிரிட்ஜைச் சுத்திப் படுத்திருக்கு. காலைல சோயாப் பால் எடுக்கணும்னா அதுகிட்ட அனுமதி கேக்கணும். போன வாரம் பாருங்க, வால் வாசல்ல கிடக்கு, தலை மூணாவது மாடில துணி காயுறதை வேடிக்கை பார்க்குது!”

“ரெண்டு விரல் மொத்தம் இருந்த பாம்பா?”

“எல்லாம் உங்க எலியோட ஊட்டம்!”

“எலிதான் உயிரோட வெளிய வந்துடுதே. ஊட்டம் எங்கேருந்து வந்துச்சு?”

லுவோ மூக்கைத் தொட்டுக் காட்டினார். “வாசனைலேருந்து.”

பெங்கின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. “அப்படிப்பட்ட பாம்பைப் பார்க்காம இருக்கலாமா? நாளைக்குக் கடையை அடைச்சுட்டு நானும் வர்றேன்.”

“வேணாம்!”

கூண்டிலிருந்த கிளி திடுக்கிட்டது. லுவோ அப்படியே பூனைத் தீனி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“முதலாளியம்மா, வாராவாரம் ஃபோன்ல கேட்பான். ‘சாப்பிட்டுச்சாப்பா?’ம்பான். ‘ஏப்பம் விட்டுச்சுடா’ம்பேன். அம்மா போனதுலேருந்து அவன் ராத்திரி பகலாப் பேசினது அந்தப் பாம்புகிட்டத்தான். என்கிட்டகூட இல்லை. நாளைக்கு அவன் மூஞ்சியை நான் எப்படிப் பார்ப்பேன்?”

“ஏன், முழுங்கின கதையைச் சொல்லுங்களேன்.”

“எந்த மடையன் நம்புவான்?”

பெங் கடையின் உள்ளறைக்குப் போய், துணி மூடிய பெட்டி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து, அவர் மடியில் வைத்துத் துணியை விலக்கினாள்.

கண்ணாடிக்குள், மணிக்கட்டு மொத்தத்தில் தளதளவென்று சுருண்டு கிடந்தது சியாவ்லூங்.

“உறைய வச்ச எலியையே சுடுதண்ணில காட்டித் தின்னப் பழக்கியிருக்கேன். ஜியாவெய்கிட்ட நீங்க பழக்கினதாவே சொல்லிக்கோங்க” என்றாள் பெங். “எலியைக் கொல்லவும் மனசில்லாம, பாம்பைப் பட்டினி போடவும் மனசில்லாம, முதல் சனிக்கிழமை பாம்பையும் எலியையும் ஒரே பைலேருந்து புதர்ல விட்டுட்டு, கும்பிட்டுட்டுத் திரும்பிப் பார்க்காமப் போனீங்களே, அந்தப் புதருக்கு நேர் எதிர்லதான் என் கடையோட பின்வாசல் அண்ணே.”

லுவோ பாம்பையும் எலிப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பதினஞ்சு தடவைன்னது புளுகு, ஆனா ஒரு தடவை நடந்தது நெசம்: நான் ஓடி வர்றதுக்குள்ள முழுங்கிருச்சு, வாலைப் பிடிச்சுத் தூக்கினதும் கக்கிருச்சு, இவன் காது மட்டும் கிழிஞ்சு உயிரோட வெளிய வந்தான். அதுக்கப்புறம் இவனைப் பாம்பு இருக்கிற வீட்டுக்கு அனுப்ப மனசே வரலை, அதான் நீங்க புதர்ல விட்டதும் பிடிச்சுட்டு வந்து, வாராவாரம் பாம்பில்லாத உங்ககிட்டயே குடுத்தனுப்பினேன்.”