ஓரத்தில் தெரியும் முகம்

தொழிற்சாலை அரங்கில் நினைவுக்கூட்டம் நேரலையில் போகிறது. பாய்லர் வெடித்து இறந்த இளைஞனின் முகம் எல்இடி சுவர் முழுக்கச் சிரிக்கிறது. ஓரத்திலிருந்து யார் பார்த்தாலும் அந்தச் சுவரில் சிவப்பு மங்கும். கேமரா ஓரமாக நிற்பதால் மானிட்டரில் அந்த முகத்தின் சிவப்பு செத்து, பாசி படர்ந்த மாதிரி பச்சை தட்டுகிறது. சுவரை இயக்குகிறவன் குமிழைத் திருகிச் சிவப்பை ஏற்றுகிறான். மானிட்டரில் பையனுக்கு உயிர் வந்துவிடுகிறது. "அருமை, அப்படியே விடு," என்கிறது ஹெட்போனில் இயக்குநரின் குரல். ஆனால் சுவருக்கு நேரெதிரே, முதல் வரிசையில் இருக்கும் தாயின் கண்ணுக்கு அதே முகம் வெந்து சிவக்கிறது. அவள் எழுந்து, கேபிள்களை மிதித்துக்கொண்டு, கேமராவை ஒட்டிய அவன் மேசைக்கே வந்துவிடுகிறாள். "ஏம்ப்பா, ஆஸ்பத்திரியில காட்டுன மொகத்தையே எதுக்குத் திரும்பக் காட்டுற?" அவன் சுவரைக் கைகாட்டுகிறான். "இங்கேருந்து பாருங்கம்மா." அவள் திரும்புகிறாள், வாயைப் பொத்தியிருந்த கை நழுவுகிறது. "இதாம்ப்பா. இதான் என் புள்ள." ஹெட்போன் குறுக்கிடுகிறது: "கேமரா நடுவுக்குப் போகுது, சிவப்பை இறக்கு." அவன் கெஞ்சுகிறான், "உங்க எடத்துக்கே போயிடுங்கம்மா, இனிமே அங்கதான் சரியாத் தெரியும்." "எங்கயும் வரமாட்டேம்ப்பா. இப்பத்தான் கண்ணுல பட்டிருக்கான்." ஹெட்போன் அதட்டுகிறது. அவன் அவள் பக்கம் பார்க்காமல் குமிழைத் திருகுகிறான். அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சிரிக்கிற அந்த முகத்தில் பாசி படர்கிறது.