கடைசி பெஞ்சில் ஒரு மணி நேரம்

அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரப்போகிறவர் யாராக இருந்தாலும் சரி, முகம் தெரிய வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இது மூன்றாவது கல்லூரி. பிளஸ் டூ பரீட்சை முடிந்து பத்து நாள்.

நாலு வயதில் வந்த காய்ச்சல் காதை எடுத்துக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் அவளுக்குப் பேச்சு என்றால் உதடு. உதடு தெரிந்தால் பாடம் உண்டு. வாத்தியார் பலகைப் பக்கம் திரும்பினால் போச்சு. பக்கத்துப் பெண்ணின் நோட்டை வாங்கி வாங்கியே பள்ளிக்கூடத்தைத் தாண்டிவிட்டாள்.

இனிமேல் பிசிக்ஸ். அடுத்தவள் எழுதிவைத்த பிசிக்ஸ் அவளுக்கு வேண்டாம்.

முதல் கல்லூரியில் ஏசி அரங்கம் காட்டினார்கள். நீச்சல்குளம் காட்டினார்கள். ஒரு வகுப்பில் உட்காரலாமா என்று கேட்டதற்கு, அது எதற்கு, குளத்துக்கிட்ட நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

இரண்டாவதில் உட்கார விட்டார்கள். அந்தப் பேராசிரியர் நல்லவர். ஐம்பது நிமிடமும் அவருடைய முதுகைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அம்மாவிடம் நாலு கல்லூரியின் பெயர் எழுதிய தாள் இருந்தது. விடுதி, பஸ், தண்ணீர், கேன்டீன் டீ என்று அம்மா தனியாக மார்க் போட்டுக்கொண்டு வந்தாள். இங்கே டீ நன்றாக இருந்ததாம்.

காதைப் பற்றி ஆபீசில் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். தெரிந்தால் இன்று ஒரு நாள் எல்லாரும் முகத்தைக் காட்டிப் பேசுவார்கள். ஒரு நாள் முகத்தை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் படிக்க முடியாது. அம்மாவும் வாக்குத் தவறவில்லை. பிள்ளைக்குக் கூச்சம் ஜாஸ்தி என்று மட்டும் கிளார்க்கிடம் சொல்லிவைத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே, வாகை மரத்தடியில் மூன்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்குத்தான் அது தூரம்.

விடுதியில் நேற்றும் புளிக்குழம்பு. ஊதா சுடிதார்க்காரி லீவு வாங்க வார்டனிடம் சாகடித்த பெரியப்பா, இன்று காலையில் பலகாரப் பையோடு கேட்டில் வந்து நிற்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதெல்லாம் கல்லூரிக் கையேட்டில் இருக்குமா?

கதவு திறந்தது. குணசீலி மேடம் என்று அம்மாவிடம் கிளார்க் சொன்னவர் இவர்தான். ஐம்பது வயதிருக்கும்.

மீசை கிடையாது. அதுவே பாதி நிம்மதி.

மேடம் சாக்பீஸை எடுத்தார். பலகைப் பக்கம் திரும்பினார்.

போச்சு.

பலகையில் இரண்டு பல்பு வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கம்பியில். ஒன்றின் அடியில் நாற்பது வாட். மற்றதன் அடியில் நூறு.

அவள் எட்டி, பக்கவாட்டில் தெரிந்த தாடையைப் பார்த்தாள்.

தாடை அசையவில்லை.

மேடம் சாக்பீஸை வைத்தார். கையைத் தட்டிக்கொண்டார். திரும்பினார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தாள்.

மறுபடியும் எழுத்து. மறுபடியும் தாடை சும்மா இருந்தது. மறுபடியும் திரும்பின பிறகு பேச்சு.

மூன்றாம் தடவையும் அப்படியே.

எழுதும்போது எழுத்து. பேசும்போது பேச்சு. யாருக்காகவும் செய்யவில்லை. அவருக்கு அது பழக்கம்.

அவள் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். இதுவரை ஒரு சொல்கூடத் தவறவில்லை.

இந்த இரண்டில் எது பிரகாசமாக எரியும் என்று மேடம் கேட்டார்.

வகுப்பு மொத்தமும் குனிந்துகொண்டது.

அவளுக்குக் குனியத் தெரியாது. குனிகிற நேரம் யாராவது பேசிவிட்டால் அது போனதுதான். அதனால் பாடம் நடக்கும்போது நோட்டில் ஒரு வரி எழுதியதில்லை இதுவரைக்கும்.

நிமிர்ந்திருந்தது அவள் முகம் ஒன்றுதான். மேடம் அவளைக் கைகாட்டினார்.

எழுந்தாள். தன் குரல் மற்றவர்கள் குரல் மாதிரி இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதைக் கேட்டவர்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

"நூறு வாட்."

எட்டு பத்துத் தலை திரும்பியது. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவள் வாயைத் திறந்தாலே வெரி குட். எல்லாரும் கைதட்டுவார்கள். சொன்னது சரியா என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

மேடம் அவளைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

"தப்பு. வீட்டுல அப்படி எரியும். இங்க ரெண்டும் ஒரே கம்பியில இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

தப்பு.

உதடு இரண்டும் ஒட்டின. குவிந்தன. கடைசி பெஞ்சு வரைக்கும் எவ்வளவு சுத்தமாக வந்து சேர்ந்தது அந்தச் சொல்.

முகமெல்லாம் சூடாகி, அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வாசலில் அம்மா வந்து நின்றாள். நேரமாச்சுட்டி, நாலாவது காலேஜுக்குப் பஸ் போயிரும் என்று அம்மாவின் உதடு சொல்லிற்று.

அவள் உள்ளங்கையைக் காட்டி அம்மாவை இருக்கச் சொன்னாள்.

உட்கார்ந்து, பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

பிறகு மேடத்தின் முகத்திலிருந்து கண்ணை எடுத்து, நிதானமாகக் குனிந்து, கணக்கைப் போட ஆரம்பித்தாள்.